5.00 – 5.15: அம்மா... ஒரு கல்யாண டைம்டேபிளின் கதை!

அப்பா இறந்த அன்று மதியம், கும்பகோணத்தில் அந்த வீட்டில் எல்லோரும் தேடியது ஒரு போட்டோவை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கொடுக்க வேண்டும். பிறகு சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். "அதான் பெரியவ கல்யாணத்துல அவ்வளவு எடுத்தாங்களே, அதுல பாருங்க" என்றார் யாரோ.

2016-ல் நடந்த மூத்த மகளின் கல்யாணம் அது. பென் டிரைவை லேப்டாப்பில் செருகிப் பார்த்தார்கள். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். அதில் அப்பா இருந்தவை பதினொன்று. ஆறில் முதுகு. ஒன்றில் சாம்பார் வாளியைப் பிடித்திருக்கும் கை மட்டும். மோதிரத்தை வைத்துத்தான் அது அவர் கை என்றே தெரிந்தது. தாரை வார்க்கும் படத்தில் ஹோமப் புகைக்குக் கண்ணை இறுக மூடியிருக்கிறார்.

கடைசியில் ஒரு குரூப் போட்டோவிலிருந்து அவரை வெட்டி எடுத்தார் ஸ்டுடியோக்காரர். பக்கத்தில் நின்ற மாமாவின் தோளை அழித்து, பின்னால் நீல நிறம் பூசி, சட்டம் போட்டுத் தந்தார். அந்தப் படத்தில் அப்பா நேராகப் பார்க்கவில்லை. இடது பக்கமாக யாரையோ பார்க்கிறார். 'மூன்றாவது பந்திக்கு இலை பத்துமா?' என்று யாரோ வந்து கேட்ட நேரமாக இருக்கும் என்பது மூத்த மகளின் கணிப்பு. நான்கு வருடங்களாக அவர் சுவரில் இருந்துகொண்டு அந்த இலைக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைய போட்டோகிராபரைக் குறை சொல்லவும் முடியாது. மணப்பெண்ணின் அப்பா யார் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும், அப்பா ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்றிருக்க மாட்டார். கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருந்தார்கள். பால் வரும் நேரம், வாழை மரம் கட்டும் நேரம், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுக்கும் நேரம். அப்பா மகளோடு நிற்க மட்டும் நேரம் குறிக்கவில்லை.

கடந்த தை மாதத்தில் தங்கையின் கல்யாணம் முடிவானபோது, அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது இதனால்தான். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை அவர். வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடுவது அவர் வேலை. ஒரே லேபுக்கு ஆறு வகுப்புகள் சண்டை போடாமல் பிரித்துக் கொடுத்துப் பழகிய கை.

திங்கட்கிழமை, காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். முதல் நாள் ஞாயிறு மாலை வரவேற்பு. மண்டபச் சாவி ஞாயிறு மதியம் கைக்கு வரும், திங்கள் மதியம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் கணக்கில் இரண்டு நாள் கல்யாணம். நம் ஊரில் பெரும்பாலான கல்யாணங்கள் இந்த அளவுக்குள்தான் நடக்கின்றன.

பேச வந்த போட்டோகிராபர் ஆல்பம் விலை, ட்ரோன் வாடகை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "யார் யார் படம் இல்லாமப் போனா வருத்தப்படுவீங்க? அந்தப் பேரை மட்டும் எழுதிக் கொடுங்க. நேரத்தை அதுக்கப்புறம் போடலாம்" என்றார். இத்தனை பேரைப் பார்த்தும் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்கா எழுத ஆரம்பித்தார். அப்பாயி. பெரியப்பா, பெரியம்மா. திருவாரூர் அத்தை. தங்கையின் கல்லூரித் தோழிகள் நான்கு பேர். அப்பாவோடு கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்.

"அம்மா எங்க நிப்பாங்க?" என்றார் அவர், நோட்டைப் பார்த்தபடியே.

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா உள்ளே பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

கணவரை இழந்த அம்மாக்கள் கல்யாண மண்டபத்தில் எங்கே இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டோர் ரூமில். இடுப்பில் சாவி, கையில் தேங்காய்க் கணக்கு. மேடையில் தாரை வார்ப்பது பெரியப்பாவும் பெரியம்மாவும். யாரும் அம்மாவைப் போகச் சொல்வதில்லை, அவர்களாகவே போய்விடுகிறார்கள் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொள்கிறார்கள். அது எவ்வளவு வசதியான பேச்சு!

அக்கா பதில் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதினார். 'திங்கள் 5.00 – 5.15: அம்மா.'

ஞாயிறு மாலைக்குத்தான் முதல் சிக்கல். தை மாதத்தில் ஆறே கால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். வெளியில் படம் எடுக்க நல்ல வெளிச்சம் என்றால் நாலரையிலிருந்து ஆறு மணி வரைதான். வெயில் சாய்ந்து, முகத்தில் நிழல் கறுப்பாக விழாமல், மஞ்சளாக ஒரு பூச்சு கிடைக்கும். நண்பகல் வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலமும் அதே நாலரையிலிருந்து ஆறு வரைதான்! போட்டோகிராபரின் நல்ல நேரமும் பஞ்சாங்கத்தின் கெட்ட நேரமும் ஒரு நிமிடம்கூட விலகாமல் உட்கார்ந்திருந்தன.

பெரியப்பா முடியவே முடியாது என்றார். விவகாரம் அப்பாயியிடம் போனது. எண்பதைத் தாண்டியவர், ராகு காலத்தில் ஊறுகாய் ஜாடியைக்கூடத் திறக்காதவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நாலரைக்கு முன்னாடி ஒரு படம் புடிச்சிறச் சொல்லு. தொடங்குன வேலை நடந்துக்கிட்டு இருந்தா குத்தமில்ல."

டைம்டேபிளில் ஏறியது: '4.15 – முதல் படம். கட்டாயம்.' திருச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் டீ குடிக்க நின்றுவிட்டதில், முதல் படம் விழுந்தது 4.27-க்கு. மாப்பிள்ளையின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அந்தப் படம் ஆல்பத்திலும் இருக்கிறது.

தங்கைக்கு ஆற்றங்கரையில் எடுக்க ஆசை. ஆனால், மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ம் தேதியோடு மூடிவிடுவார்கள். தை பாதி தாண்டினால் காவிரியில் மணல்தான். அதனால் அறுவடைக்கு நின்ற சம்பா வயலின் வரப்புக்கு மாற்றினார்கள். பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் இவர்களுக்காகப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, இறங்கி வந்து வேடிக்கையும் பார்த்தார்.

வரவேற்பு என்பது உண்மையில் ஒரு வரிசை. அக்கா கணக்கு போட்டார். பத்திரிகை வைத்தது 400 வீடுகளுக்கு. ஒரு குடும்பம் மேடையேறி, பரிசு கொடுத்து, சிரித்து, இறங்க 20 விநாடி என்றால் 133 நிமிடம். அதுவே 30 விநாடியானால் 200 நிமிடம். வரவேற்புக்கு இருப்பதோ ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை 180 நிமிடம். ஒவ்வொருவரும் செல்பிக்காகக் கூடுதலாக நிற்கும் அந்தப் பத்து விநாடியில்தான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சாப்பிடாமல் போகிறார்கள். மணமக்களும் பதினொரு மணிக்கு ஆறிப்போன பரோட்டாவைப் பிய்க்கிறார்கள்.

ஆகவே ராகு காலம் முடிந்த கையோடு 6.00 மணிக்கு இரு வீட்டுக் குடும்பப் படங்கள், விருந்தினர் வருவதற்கு முன்பே. 8.15-க்கு இருபது நிமிடம் மேடையை நிறுத்திவிட்டு மணமக்கள் சாப்பாடு. மேடைப் படிக்கட்டில் சித்தப்பா மகன், ஊரில் எல்லோரையும் அடையாளம் தெரிந்தவன். யாரை முதலில் ஏற்றுவது என்பது அவன் பொறுப்பு. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தூரத்து ஊர்க்காரர்கள் முதலில். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் எந்தக் கல்யாண வீடும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு மட்டும் சாப்பாடு கொடுக்க மறந்துவிட்டார்கள்.

முதல் நாள் மாலைக் குடும்பப் படங்களில் அம்மா இல்லை. கூப்பிட்டபோது, "ஐஸ்கிரீம் வந்துருச்சு, எண்ணி எறக்கணும். நீங்க எடுத்துக்கோங்க" என்று பதில் வந்தது. போட்டோகிராபர் தன் போனில் இருந்த பட்டியலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "காலையில" என்றார் அக்கா.

திங்கட்கிழமை டைம்டேபிளை அக்கா பின்னாலிருந்து போட்டிருந்தார். ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதனால் 6.50-க்குள் தாலி. தாலிக்கு முன் தங்கை மேடையிலிருந்து இறங்கி, தட்டில் கொடுத்த கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். பல கல்யாணங்களில் இந்த இடத்தில்தான் எல்லாம் கவிழ்கிறது. புதுப் பட்டு மடிப்பு நிற்காது, உறவுப் பெண்கள் எட்டுப் பேர் எட்டு விதமாகக் கட்டச் சொல்வார்கள், வெளியே ஐயர் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அக்கா அந்தப் புடவையை முன்பே கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் தயாராக வைத்துவிட்டார். பிரித்தால் இடுப்பில் செருகவேண்டியதுதான். இருபது நிமிட வேலை எட்டு நிமிடத்தில் முடியும்.

அப்படியே பின்னால் போனால், 5.45-க்கு மேடை, 5.15-லிருந்து தங்கையின் தனிப் படங்கள், 5.00 அம்மா, 3.00 மேக்கப், 2.40 எழுப்புவது. மணப்பெண்ணுக்குத் தூக்கம் என்று டைம்டேபிளில் மிஞ்சியது மூன்றே கால் மணி நேரம். இது கொஞ்சம் கொடுமைதான்.

தை மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் விடியும் என்பதால் ஐந்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் கிடையாது. மணமகள் அறை எந்த மண்டபத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிர் பச்சைச் சுவர், ட்யூப் லைட், மூலைக்கு மூலை சூட்கேஸ். போட்டோகிராபர் கேட்டது இரண்டே இரண்டு. ஒரு மூலையை மட்டும் பை, செருப்பு எதுவும் இல்லாமல் காலியாக வைக்க வேண்டும். ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு அவருடைய ஒரு விளக்கை மட்டும் போட அனுமதிக்க வேண்டும். மேடைக்கும் ஒன்று சொல்லியிருந்தார். அலங்காரக்காரர் வைத்திருந்த ஊதா விளக்கை முகூர்த்தத்தின்போது அணைத்துவிடச் சொன்னார். இல்லாவிட்டால் மஞ்சள் பூசிய முகமெல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் வரும்.

எல்லாம் சரியாக இருந்தது. ஜடைக்கு வைக்கவேண்டிய பூதான் வரவில்லை. நாலு மணிக்கு வரவேண்டியது 4.50-க்கு வந்தது. மேக்கப் முடிந்தபோது மணி 5.25.

ஆறு மணிக்கு முன் மேடையேற வேண்டும். தங்கையின் தனிப் படங்களுக்கு அரை மணி நேரம் என்று எழுதியிருந்தது. அந்தப் படங்களுக்காகத்தான் அவள் மூன்று மாதமாக இன்ஸ்டாகிராமில் ஒவ்வொன்றாகச் சேமித்து வைத்திருந்தாள். கண்ணாடியைப் பார்ப்பது, ஜிமிக்கியைத் தொடுவது, பின்னால் ஜடை தெரிவது என்று இருபத்திரண்டு மாதிரிகள்.

"பன்னெண்டு நிமிஷம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்" என்றார் போட்டோகிராபர்.

அக்கா தங்கையைப் பார்த்தார். தங்கைக்குக் கண் கலங்கியது, மையைக் காப்பாற்ற மேலே பார்த்துக்கொண்டாள். "என்னைய மத்தியானம்கூட எடுத்துக்கலாம்... அம்மாவைக் கூப்பிடு."

அம்மா வரவில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் நின்றபடி, "ஏண்டி, விடியறதுக்கு முன்னாடி நான் போயி அவ எதிர்ல நிக்கணுமா? பெரியம்மாவைக் கூப்பிட்டு நிக்க வையி" என்றார். குரலில் கோபம் இல்லை. தாம்பூலப் பையில் போட எலுமிச்சம்பழத்தை எண்ணிக்கொண்டே சொன்னார், எண்ணிக்கை தப்பவில்லை.

இந்தப் பேச்சுக்கு அக்கா மனதில் பல வருடப் பதில்கள் இருந்தன. எதையும் சொல்ல நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் பிடிவாதக்காரப் பிள்ளைகளைச் சமாளிக்கும் புத்தி வேலை செய்தது. "படமெல்லாம் வேணாம். அவ புடவைக் கொசுவம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. மேக்கப்காரப் பொண்ணுக்குச் சரியா வரல. ரெண்டு நிமிஷம் வந்து இழுத்து விட்டுட்டுப் போ."

அதற்கு அம்மா உடனே வந்தார். வேலை என்றால் வருவார்.

அறையில் ட்யூப் லைட் அணைந்திருந்ததையோ, மூலையில் கேமராவோடு ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்ததையோ அவர் கவனிக்கவில்லை. குனிந்து, ஊக்கு ஒன்றை உதட்டில் கவ்விக்கொண்டு, மண்டியிட்டு மகளின் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவினார். கொசுவம் நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அது போதவில்லை. நீவி முடித்து நிமிர்ந்தவர், ஊக்கைக் கவ்வியபடியே மகளின் முகத்தைப் பார்த்தார். அலங்காரம் முடிந்த பிறகு அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கேமரா சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் ஒன்பது படங்கள் விழுந்திருந்தன.

"ஏமாத்திட்டியா?" என்றார் அக்காவிடம். தங்கை குனிந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் எழுந்து போக அவசரப்படவில்லை. டைம்டேபிளில் பதினைந்து நிமிடம். கிடைத்தது ஆறு.

முகூர்த்தத்துக்கு இரண்டு கேமராக்கள். மூன்று முடிச்சு விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. கெட்டிமேளம் எழுந்ததும் எல்லோரும் எழுந்துகொள்வார்கள், கேமராவுக்கு முன்னால் இருநூறு செல்போன்கள் நீளும். "தாலி கட்டும்போது உட்கார்ந்தே அட்சதை போடுங்க" என்று மாமா மைக்கில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை கேட்டபோது திருவாரூர் அத்தை எழுந்து வந்து, நேராக மேடை விளிம்பில் செல்போனோடு நின்றுகொண்டார். நாத்தனார் முடிச்சு விழும் படத்தில் பாதி அத்தையின் கை.

அக்காவின் டைம்டேபிளில் 6.50-க்கு நேராக ஒரு வரி இருந்தது. 'ஒரு கேமரா மேடையைப் பார்க்காது.' அந்த இரண்டாவது கேமரா மண்டபத்தின் வலது பக்கத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து அம்மா. எல்லோர் கையிலிருந்தும் அரிசி பறக்கிறது. அவர் கையை ஓங்கியிருக்கிறார், மூடிய கையைத் திறக்கவில்லை. போடுவதா வேண்டாமா என்று அவர் யோசித்த அந்த ஒரு விநாடி படத்தில் நின்றுவிட்டது. பிறகு போட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

ஏழே முக்காலுக்கு மறுபடியும் குடும்பப் படம். அக்கா கூப்பிட்டார், தங்கை மேடையிலிருந்தே கூப்பிட்டாள். அம்மா, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பந்திப் பக்கம் நகரப் பார்த்தார். முன்வரிசை நாற்காலியிலிருந்து அப்பாயி எழுந்தார். இத்தனை வருடமாக அவரும் இப்படி ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தவர், அதுவும் மருமகளைவிட முப்பது வருடம் கூடுதலாக. கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, மருமகளின் முழங்கையைப் பிடித்தார்.

"எனக்குப் படியேற முடியல. புடிச்சுக் கூட்டிட்டுப் போ."

படி மூன்றே மூன்று. அப்பாயி தினமும் கோயிலுக்குப் பதினாறு படி ஏறுபவர். மேலே போனதும் பிடித்த கையை அவர் விடவில்லை. பெரியப்பாதான் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம்..." என்று இழுத்தார். "நேத்தே தொடங்கியாச்சுல்ல" என்றார் அப்பாயி.

இரண்டு மாதம் கழித்து, ஆல்பத்துக்கு 120 படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்தன. தங்கையின் தனிப் படங்கள் மத்தியானம் எடுத்தவை. மேக்கப் கொஞ்சம் கலைந்து, பூ கொஞ்சம் வாடி, தூக்கம் கண்ணில் தெரிய. அதில் ஒன்றைத்தான் அவள் இப்போது வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாள்.

அம்மா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் கல்யாணத்தில் இரண்டு பிலிம் ரோல், ரோலுக்கு 36, மொத்தமே 72 படம்தான் என்றார். அதிலும் நாலைந்து வெளிச்சம் புகுந்து வீணாகிவிட்டதாம். தூணுக்குப் பின்னால் நின்ற படம் வந்தபோது ஒன்றும் பேசாமல் அடுத்ததைத் தட்டச் சொன்னார். ஊக்கைக் கவ்விய படத்தில் நிறுத்தினார். அப்பாயியோடு மேடையில் நின்ற படத்திலும் நிறுத்தினார். அதில் அவர் நேராக கேமராவைப் பார்க்கிறார்.

"இதுல என்னைய மட்டும் தனியா வெட்டி ஒண்ணு பெருசா போட்டு வாங்கி பீரோல வச்சிரு. நாளைக்கு நீங்க தேட வேணாம் பாரு."

"என்ன பேச்சும்மா இது?" என்று அக்கா அதட்டினார். தங்கை கைபேசி வழியாகப் பெங்களூரிலிருந்து, "அதுக்கு ஊக்கு படந்தான் நல்லாருக்கு" என்றாள்.

"வாயில ஊக்கோட யாராச்சும் சொவத்துல தொங்குவாங்களாடி?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அந்தப் படத்துக்கே திரும்பப் போகச் சொன்னார்.